குண்டனி நாட்டு ஓடையில் எத்தனை லிட்டர்?

வருவாய்த் துறையின் அ-பதிவேட்டைப் புரட்டினால் ஒரு கிராமத்தின் நிலம் முழுவதும் வரி வரியாக விரியும். புல எண், உட்பிரிவு, நஞ்சையா புஞ்சையா, பாசன ஆதாரம் எது, பரப்பு எவ்வளவு, தீர்வை எவ்வளவு என்று ஒவ்வொரு துண்டுக்கும் விவரம் இருக்கும். ஓடைகளும் அதில் இடம்பெற்றிருக்கும். ‘ஓடை புறம்போக்கு’ என்று வகை எழுதி, எதிரே பரப்பை ஹெக்டேரில் போட்டிருப்பார்கள். கொல்லிமலையின் மேல் இருக்கும் குண்டனி நாடு ஊராட்சிக்கும் சமவெளியில் இருக்கும் ஊர்களுக்கும் இந்தப் பதிவேட்டின் வடிவம் ஒன்றுதான். ஆனால் அந்த ஓடையில் விநாடிக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது, ஐப்பசியில் எவ்வளவு, சித்திரையில் எவ்வளவு, யார் யார் எடுக்கிறார்கள், எடுத்ததில் எவ்வளவு ஓடைக்கே திரும்புகிறது என்று எழுத அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. ஓடை படுத்திருக்கும் மண்ணை அளந்திருக்கிறோம், ஓடையை அளக்கவில்லை. நகரங்களின் தண்ணீர் உரிமை எப்படிக் கணக்கிடப்படுகிறது, சட்டத்தின் வழியாக எப்படி மாறுகிறது என்று பார்த்தால், இந்த வெற்றிடம் மலை ஊர்களுக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பது தெரியவரும்.

மலையடிவாரத்திலிருந்து தொடங்கலாம். நாமக்கல் நகரம் காவிரித் தண்ணீரைக் குடிக்கிறது. 2024-ல் அது மாநகராட்சியானது. ஒரு நகரத்துக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதை நம் நாட்டில் ஒரு பெருக்கல் கணக்கால் முடிவு செய்கிறார்கள்: மக்கள்தொகையைத் தலைக்கு இத்தனை லிட்டர் என்ற அளவால் பெருக்குவது. பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு 55 லிட்டர். குடிநீர் வடிகால் வாரியம் முப்பது ஆண்டு கழித்து இருக்கப்போகும் மக்கள்தொகையை ஊகித்து, அதற்கேற்பக் குழாயையும் கிணற்றையும் வடிவமைக்கிறது. நீர்வளத் துறை இசைவு தந்து, அரசாணை வந்துவிட்டால், ஆற்றில் அந்த நகரத்துக்கு ஓர் ஒதுக்கீடு பிறந்துவிடுகிறது. இந்தக் கணக்கில் ஆறு எங்கும் வருவதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கன அடி, ஏறக்குறைய 2,830 கோடி லிட்டர். ஓர் ஆண்டுக்கு அதைப் பிரித்துக் கொடுத்தால், தலைக்கு 135 லிட்டர் வீதம் சுமார் 5.7 லட்சம் பேருக்கும், 55 லிட்டர் வீதம் சுமார் 14 லட்சம் பேருக்கும் போதும். ஓர் ஊர் கிராம அளவிலிருந்து நகர அளவுக்கு மாறும் நாளில் அதன் தேவை காகிதத்தில் இரண்டரை மடங்காகிறது. ஆற்றில் அன்றைக்கு ஒரு சொட்டும் கூடியிருக்காது.

தண்ணீர் உரிமை என்பதை ஒற்றை எண்ணாகப் பார்ப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. முழுமையாகச் சொன்னால் அதில் ஐந்து உறுப்புகள் உண்டு. எவ்வளவு எடுக்கலாம், எந்த இடத்தில் எடுக்கலாம், எந்தப் பருவத்தில் எடுக்கலாம், எதற்காக எடுக்கலாம், மிச்சம் எங்கே வந்து சேர வேண்டும். இந்த ஐந்தில் ஒன்று மாறினாலும் கீழே இருப்பவருக்கு வந்து சேரும் தண்ணீர் மாறும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இதைச் சட்டமாகவே வகுத்திருக்கிறார்கள். 1969-ல் இயற்றிய சட்டத்தின்படி மாநிலம் ஏழு நீர்ப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி நீர் நீதிமன்றம் உண்டு. ஒரு நகராட்சி விவசாயியிடமிருந்து நீருரிமையை வாங்கிக் குடிநீராக மாற்ற நினைத்தால், அந்த நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் பொதுவில் வெளியிடப்படும். பாதிக்கப்படுபவர் எதிர்த்து வழக்காடலாம். விவசாயி ஆண்டுதோறும் நூறு பங்கு எடுத்து, அறுபதைப் பயிர் குடித்து ஆவியாக்கிவிட்டு, நாற்பது கசிந்து ஆற்றுக்கே திரும்பியிருந்தால், நகரம் எடுத்துப்போகக்கூடியது அந்த அறுபது மட்டுமே. திரும்பி வந்த நாற்பதை நம்பி அதற்குக் கீழே இன்னொருவர் பயிர் வைத்திருக்கிறார் அல்லவா? அவருக்குத் தீங்கு வரக்கூடாது என்பதுதான் அந்தச் சட்டத்தின் உயிர்நாடி. தண்ணீரை விலைக்கு வாங்கலாம் என்ற அந்த மாநிலத்தின் ஏற்பாட்டை நாம் பின்பற்ற வேண்டியதில்லை, அது நமக்குப் பொருந்தவும் பொருந்தாது. எடுத்த நீரையும் செலவான நீரையும் தனித்தனியாக அளக்கும் பழக்கம்தான் நமக்கு வேண்டியது.

அந்தப் பழக்கம் நமக்கு முற்றிலும் புதிதல்ல. தென்னிந்தியாவின் மிகப் பெரிய நீர்வழக்கே அதன் மேல்தான் நிற்கிறது. 1990-ல் அமைந்த காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5-ல் இறுதித் தீர்ப்பு வழங்கியது. காவிரிப் படுகையின் மொத்த விளைச்சல் 740 டிஎம்சி என்று கொண்டு, தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பிரித்தது. அந்த 740 என்பது ஐம்பது விழுக்காடு நம்பகத்தன்மையில் எடுத்த எண், அதாவது நீண்ட காலக் கணக்கில் பாதி ஆண்டுகளில் மட்டுமே கிடைக்கும் அளவு. குடிநீர்த் திட்டங்களுக்கு நம் பொறியாளர்கள் வழக்கமாக 95 விழுக்காடு நம்பகத்தன்மையைக் கேட்பார்கள். ஒரே ஆற்றுக்கு இரண்டு அளவுகோல்கள் என்றால், வறட்சி ஆண்டில் எது செல்லும் என்ற சண்டை வந்தே தீரும். 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் இந்தப் பங்கீட்டைத் திருத்தியது. தமிழ்நாட்டின் பங்கில் 14.75 டிஎம்சி குறைந்து 404.25 ஆயிற்று, அது கர்நாடகத்துக்குப் போயிற்று. அதில் 10 டிஎம்சிக்குக் காரணம், தமிழ்நாட்டு டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்பது. மீதி 4.75 டிஎம்சி பெங்களூரின் குடிநீருக்கு. ஒரு மாநகரத்தின் தண்ணீர்த் தேவைக்காக ஆற்றுப் பங்கு சட்டப்படி மாற்றப்பட்டதற்கு நம் காலத்தில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

அந்த மாற்றத்தின் உள்ளே இருக்கும் அறிவியலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நடுவர் மன்றம் பெங்களூரின் பங்கைக் குறைத்ததற்கு இரண்டு காரணங்கள் சொல்லியிருந்தது. நகரத்தின் மூன்றில் ஒரு பகுதி மட்டுமே காவிரிப் படுகைக்குள் இருக்கிறது. குடிநீரில் பாதி நிலத்தடியிலிருந்து கிடைக்கும். உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. குடிநீர்த் தேவைக்குப் படுகையின் எல்லை தடையாக இருக்கக்கூடாது என்பது மனித நியாயமாகச் சரியே. ஆனால் நகரத்தின் செலவை அளக்கும் முறையைப் பாருங்கள். நடுவர் மன்றத்தின் தீர்ப்பில் குடிநீருக்காக ஆற்றிலிருந்து எடுப்பதில் 20 விழுக்காடும் தொழிலுக்காக எடுப்பதில் 2.5 விழுக்காடும் மட்டுமே செலவு என்று கணக்கு. கிருஷ்ணா தீர்ப்பாயமும் 1973-ல் இதே விகிதங்களைத்தான் கொண்டது. காரணம் எளிது: குளித்த நீர், துவைத்த நீர், கழுவிய நீர் எல்லாம் சாக்கடை வழியாக ஆற்றுக்கே திரும்பிவிடும், குடித்ததும் ஆவியானதும் மட்டுமே இழப்பு. ஒரே படுகைக்குள் இருக்கும் ஊருக்கு இது பொருந்தும். பெங்களூரின் கிழக்குப் பக்கத்துச் சாக்கடையோ காவிரிக்குத் திரும்புவதில்லை. அது தென்பெண்ணைப் பக்கம் சரிகிறது. அங்கே சேரும் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு ஏற்றும் திட்டமும் 2018 முதல் நடக்கிறது. கோலாருக்கு அது நல்லதாக இருக்கலாம். காவிரிக்கு அந்த எண்பது விழுக்காடும் போனது போனதுதான். எடுத்த இடமும் திரும்பும் இடமும் வேறு வேறு படுகைகளில் இருக்கும்போது இருபது விழுக்காடு என்ற அந்த ஒரே விகிதம் ஆற்றுக்கு அநியாயம் செய்கிறது. ஐந்தாவது உறுப்பை மறந்தால் மற்ற நான்கும் பொய்யாகும் என்பதற்கு இது ஒன்று போதும்.

இப்போது மலைக்கு ஏறுவோம். கொல்லிமலையின் பெரும்பகுதி நீர் காவிரிக்குப் போகிறது. ஆகாய கங்கையாக விழும் ஐயாறு புளியஞ்சோலை வழியாக இறங்குகிறது. கரைபோட்டான் ஆறு சேந்தமங்கலம் பக்கமாக ஓடிக் காவிரியில் கலக்கிறது. வடக்கே சுவேத நதி வெள்ளாற்றுக்குப் போகிறது. ஆக, இந்த மலையின் காவிரிப் பக்கத்து ஊற்றுகள் 740 டிஎம்சி என்ற எண்ணுக்குள் ஒரு சிறு பின்னமாக ஏற்கெனவே எண்ணப்பட்டுவிட்டன. டெல்லியிலும் பெங்களூரிலும் சென்னையிலும் நடந்த வாதங்களில் அந்தத் தண்ணீர் பங்கு போடப்பட்டிருக்கிறது. அது பிறக்கும் இடத்தில் குடிக்கும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களுக்கு மட்டும் அதில் எவ்வளவு என்று எந்த ஆவணத்திலும் எண் இல்லை. ஊராட்சிக்குக் கடமை உண்டு: 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் குடிநீர் வழங்குவதை அதன் தலையில் வைத்திருக்கிறது. அரசமைப்பின் பதினோராம் அட்டவணையும் குடிநீரையும் சிறுபாசனத்தையும் ஊராட்சிகளுக்குரிய பொருள்களாகப் பட்டியலிடுகிறது. கடமையை நிறைவேற்றத் தேவையான மூலப்பொருளின் அளவு மட்டும் தெரியாது.

அளப்பது கடினம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. காவிரியை பிலிகுண்டுலுவில் அளப்பதற்குப் பெரிய நிலையம் வேண்டும். மலை ஊற்றை அளக்க ஒரு வாளியும் கடிகாரமும் போதும். இருபது லிட்டர் வாளி நாற்பது விநாடியில் நிறைந்தால், விநாடிக்கு அரை லிட்டர், நாளுக்கு 43,200 லிட்டர். தலைக்கு 55 லிட்டர் என்றால் 785 பேருக்கு. வாளியில் பிடிக்க முடியாத ஓடைக்கு, நடுவில் செங்கோண முக்கோணமாக வெட்டிய ஒரு பலகையைக் குறுக்கே நிறுத்தினால் போதும். வெட்டின் அடிமுனையிலிருந்து நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளவுகோலில் பார்ப்பதுதான் வேலை. பத்து சென்டிமீட்டர் நின்றால் விநாடிக்குச் சுமார் 4.4 லிட்டர் ஓடுகிறது. ஐந்து சென்டிமீட்டராகக் குறைந்தால் பாதிதானே என்று தோன்றும். ஆனால் ஓட்டம் உயரத்தின் இரண்டரைப் படியாக மாறுவதால், அது சுமார் 0.8 லிட்டராக, ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்துவிடும். முதல் அளவு 6,800 பேருக்கு மேல் தாங்கும். இரண்டாவது 1,200 பேரை. கண்ணுக்கு ‘கொஞ்சம் குறைந்திருக்கிறது’ என்று தெரியும் ஓடை உண்மையில் எந்த அளவுக்கு வற்றியிருக்கிறது என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. அளவுகோல் வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

எப்போது அளக்கிறோம் என்பதும் முக்கியம். கொல்லிமலையின் உடல் சார்னோக்கைட் என்னும் கடும்பாறை. அதில் விரிசல்களில் மட்டுமே நீர் தங்கும். உச்சிகளில் அங்கங்கே செம்புரையும் பாக்சைட்டும் மூடிபோல் கிடக்கின்றன. நுண்துளைகள் நிறைந்த அந்த மூடி மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கசியவிடுகிறது. மழை நின்று மாதங்கள் ஆன பிறகும் ஊற்றில் நீர் வருவது அந்தச் சேமிப்பால்தான். அலுமினியத்துக்காக இந்த மலையின் பாக்சைட்டை வெட்டியெடுத்த காலம் ஒன்று உண்டு. மூடியை எடுத்தால் ஊற்றின் தொட்டியே சிறியதாகிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்த மார்கழியில் அளந்தால் எந்த ஓடையும் பெரியதாகத்தான் தெரியும். மலை ஊரின் உண்மையான உரிமை பங்குனியிலும் சித்திரையிலும் வரும் அடிமட்ட ஓட்டத்தில் இருக்கிறது. அந்த நாட்களின் அளவைப் பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து எழுதிவைத்தால்தான் ‘இந்த ஓடையில் இவ்வளவுக்குக் கீழே போகக்கூடாது’ என்று சட்டத்தின் முன் சொல்ல ஒரு எண் கிடைக்கும்.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா? 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தில் ஓர் அழகான வரையறை உண்டு. இயற்கை ஓடையின் கரையில் நிலம் வைத்திருப்பவருக்கு, அந்த ஓடை அளவிலும் திசையிலும் வேகத்திலும் வெப்பத்திலும் பெரிதாக மாறாமல் தன் எல்லைக்கு வந்து சேரும் உரிமை உண்டு என்கிறது அது. நீரியல் படித்தவர் எழுதியதுபோல இருக்கிறது. இருபது ஆண்டு தடையின்றி அனுபவித்தால் வாய்க்கால் உரிமையும் நிலைபெறும். ஆனால் அதே சட்டத்தின் தொடக்கத்திலேயே, ஆறுகளிலும் ஓடைகளிலும் உள்ள நீரைத் தேக்கவும் பங்கிடவும் அரசுக்கு உள்ள அதிகாரத்தை இவை எதுவும் குறைக்காது என்று எழுதியிருக்கிறது. அதாவது பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு எதிராக நிற்கும் உரிமை, அரசின் திட்டத்துக்கு முன் மெலிந்துவிடும். பழங்குடிப் பகுதிகளில் சிறு நீர்நிலைகளின் மேலாண்மையை ஊராட்சிகளிடம் தரும் 1996-ஆம் ஆண்டுச் சட்டமும் இங்கே கைகொடுக்காது. அது ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டுமே உரியது, தமிழ்நாட்டில் அப்படி ஒரு பகுதியும் அறிவிக்கப்படவில்லை. மிஞ்சியிருப்பது 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். நீர்ப்பிடிப்பையும் நீராதாரங்களையும் காக்கும் அதிகாரத்தை அது கிராம சபைக்குத் தருகிறது. குடிநீர்க் குழாய்க்காக ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை எடுக்கவும் கிராம சபையின் பரிந்துரையோடு வழி செய்கிறது. இருப்பதில் உறுதியான பிடி இதுதான். ஆனால் எதைக் காக்கிறோம் என்று சொல்ல எண் இல்லாத கிராம சபைத் தீர்மானம் ஒரு கோரிக்கையாக நின்றுவிடும்.

கொல்லிமலையின் நீர்மின் திட்டத்தை இந்த ஐந்து உறுப்புகளின் ஒளியில் பார்த்தால் விஷயம் தெளிவாகும். மலைமேல் உள்ள ஓடைகளில் தடுப்பணை கட்டி, நீரைத் திருப்பி, அடிவாரத்தில் 20 மெகாவாட் மின்சாரம் எடுப்பது அந்தத் திட்டம். செலவுக் கணக்குப்படி இதில் நீர் இழப்பே கிடையாது. சக்கரத்தைச் சுழற்றிவிட்டு அத்தனையும் கீழே வெளியேறுகிறது. காவிரிக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிடும். திருப்பும் இடத்துக்கும் மின்நிலையத்துக்கும் இடையே உள்ள ஓடைக்கோ அது முழு இழப்பு. கிணறும், மீனும், அருவியும், நெல் வைத்த சிறு பள்ளமும் அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன. மின்சாரம் வேண்டாம் என்பதல்ல வாதம். எந்த மாதத்தில் எவ்வளவு நீரைத் தடுப்பணையைத் தாண்டி ஓடையிலேயே விட வேண்டும் என்று வரையறுக்க வேண்டும். அதை வரையறுக்கத் திட்டம் வருவதற்கு முந்தைய ஓட்டம் தெரிந்திருக்க வேண்டும். திட்டம் வந்த பிறகு அளந்தால் மாற்றத்துக்கு அப்புறமான ஓடையைத்தான் அளக்க முடியும்.

இதற்கு வரும் மறுப்புகளில் முதலாவது, தண்ணீர் பொதுச்சொத்து, அரசு அறங்காவலர், ஒவ்வோர் ஊருக்கும் தனிக் கணக்கு எதற்கு என்பது. கமல்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பொது அறங்காவல் கோட்பாட்டை நான் மனமார ஏற்கிறேன். அறங்காவலர்தான் முதலில் கணக்கு காட்ட வேண்டியவர். கோயில் நகைக்குப் பட்டியல் இல்லையென்றால் காவல் என்ற சொல்லுக்கு என்ன பொருள்? இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. உரிமையை எண்ணாக எழுதிவிட்டால் நாளைக்கு அதை விற்கவும் வாங்கவும் வழி பிறக்கும், வலுத்தவன் வாங்கிக்கொள்வான் என்ற அச்சம். கொலராடோவில் நகரங்கள் வாங்கி வறண்டுபோன பண்ணைகளைக் காட்டி இதை நிறுவவும் முடியும். ஆனால் அங்கே விற்பனைக்கு வழி திறந்தது உரிமை தனிநபர் சொத்தாக இருந்ததுதான், அளவு எழுதப்பட்டதல்ல. நம் நாட்டிலேயே வேறு முன்மாதிரி இருக்கிறது. ஏரிப்பாசன ஊர்களின் மடை முறை, வாய்க்கால் பங்கு ஆகியவற்றைப் பழைய சென்னை மாகாணத்தில் மாமூல்நாமா என்ற ஆவணத்தில் எழுதிவைத்தார்கள். அது விற்பனைப் பத்திரமாக இருந்ததில்லை. ஊர் வழக்கத்தின் சாட்சியாக இருந்தது. ஊராட்சியின் பெயரில், விற்க முடியாத பொது உரிமையாக, ஓடையின் குறைந்தபட்ச ஓட்டத்தைப் பதிந்துவைப்பதில் சந்தைக்கு இடமில்லை.

குடிநீருக்கு எப்போதும் முதலிடம், ஆகவே நகரம் கேட்கும்போது கணக்கு பார்க்கக்கூடாது என்பாரும் உண்டு. முதலிடம் என்பது யாருக்கு முன்னால் என்று சொல்கிறதே தவிர எவ்வளவு என்று சொல்வதில்லை. மலையில் இருப்பவர் குடிப்பதும் குடிநீர்தான்; ஒரு குடிநீரை இன்னொரு குடிநீருக்காக மாற்றும்போது முன்னுரிமைப் பட்டியல் வாய் திறக்காது. சிறுவாணியைப் பாருங்கள். கேரளத்து மலையில் தேங்கும் நீரில் கோயம்புத்தூருக்கு ஆண்டுக்கு 1.3 டிஎம்சி என்று 1973-ஆம் ஆண்டு ஒப்பந்தம், 99 ஆண்டுகளுக்கு, ஜூலை முதல் ஜூன் வரை என்ற நீராண்டு வரையறையோடு எழுதப்பட்டது. அணையின் நீர்மட்டம் பற்றி அவ்வப்போது பிணக்கு எழுந்தாலும் இரு மாநிலங்களும் உட்கார்ந்து பேச ஓர் எண் இருக்கிறது. இரண்டு அரசுகளுக்கு நடுவே அவசியமான தெளிவு, ஒரு மாநகரத்துக்கும் ஒரு மலை ஊராட்சிக்கும் நடுவே அதைவிட அவசியம், ஏனென்றால் அங்கே வலு சமமாக இல்லை.

செய்ய வேண்டியது இன்றைக்கே தொடங்கக்கூடிய அளவுக்குச் சிறியது. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், மே 1 உழைப்பாளர் நாள். இரண்டுமே மலை ஊற்றுகள் ஒடுங்கும் காலத்தில் வருகின்றன. குண்டனி நாட்டின் ஒவ்வொரு குடிநீர் ஊற்றுக்கும் ஒரு முக்கோண வெட்டுப் பலகை நட்டு, அந்த இரு நாட்களின் காலையில் நீர் நின்ற உயரத்தைச் சபையின் தீர்மானப் புத்தகத்தில் இடம், நேரம், சென்டிமீட்டர் என்று எழுதி, கூடியிருப்பவர்கள் கையெழுத்திட வேண்டும். பத்து ஆண்டில் ஒவ்வோர் ஊற்றுக்கும் இருபது வரிகள் சேரும். நாளைக்கு எந்தத் திட்டம் மலை ஏறி வந்தாலும், எந்த நகரத்தின் குழாய் மேலே நீண்டாலும், மாவட்ட ஆட்சியர் முன்னும் நீதிமன்றத்தின் முன்னும் விரித்துவைக்க அந்த இருபது வரிகள் இருக்கும்.